மனசு லேசான பிறகு

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பிற்பகல், துறையில் எல்லோரும் கிளம்பிவிட்ட பிறகு, முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வேறு துறை. இளங்கலையில் என்னிடம் வரலாறு படித்தவள் என்பதால் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போவாள். அதற்கு ஒரு வருடம் முன்பு, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று அழுதபோது நான்தான் அவளுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தேன். ராத்திரி படுக்கும் முன்னால் ஒரு நோட்டில் எழுது. யாரிடமும் காட்ட வேண்டாம். மனசில் இருப்பதை இறக்கி வை, போதும்.

அவள் எழுதியிருக்கிறாள். ஒரு வருடத்தில் நாலு நோட்டுகள். நான் சந்தோஷப்பட்டேன். "உதவியா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மேடம். எழுதினா மனசு லேசாயிடும். லேசானதாலதான் மறுநாளும் அந்த ரூமுக்குப் போக முடிஞ்சுது."

எந்த ரூம் என்று அப்போதுதான் கேட்டேன். அவளுடைய ஆய்வு நெறியாளரின் அறை. சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்லி ஏழரை வரை காக்க வைப்பது, உடையைப் பற்றிப் பேசுவது, கதவைச் சாத்தச் சொல்வது, அத்தியாயத்தைத் திருத்துகிறேன் என்று நாற்காலியை நெருக்கிப் போடுவது. ஒரு வருடமாக நடந்திருக்கிறது. அந்த ஒரு வருடமும் அவள் ராத்திரி எழுதிவிட்டு, கொஞ்சம் தூங்கி, மறுநாள் திரும்பவும் போயிருக்கிறாள். என் யோசனை பலித்திருக்கிறது. அதுதான் என்னை இன்றுவரை தொந்தரவு செய்கிறது.

வலிக்கு மருந்து கொடுப்பது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை. பல் வலிக்கும்போது மாத்திரை போட்டுக்கொள்கிறோம். ஆனால் மாத்திரை வேலை செய்கிறது என்பதற்காகவே பல் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போட்டவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும். தாங்க முடியாத ஒன்றைத் தாங்கும்படி ஆக்கிக் கொடுப்பது எப்போது உதவி, எப்போது துரோகம் என்பதுதான் என் கேள்வி. இதைப் பெண்களிடம் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தாங்கிக்கொள்ளும் வேலையை இந்தச் சமூகம் பெரும்பாலும் நம்மிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

அந்த யோசனையை நான் காற்றிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. என் இரண்டாவது குழந்தை பிறந்த சமயத்தில் எனக்கே ஒரு மருத்துவர் சொன்னது அது. பால் கொடுக்க எழுந்தால் மறுபடி தூக்கம் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "எழுதுங்கம்மா, பாரம் குறையும்" என்றார். எழுதினேன். குறைந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த நோட்டு இல்லாவிட்டால் அந்த ஆறு மாதத்தை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

பிறகு இதைப் பற்றிப் படித்தபோது ஆய்வுகளும் இருப்பது தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற மாணவியோடு சேர்ந்து 1986-ல் வெளியிட்ட ஆய்வுதான் இதில் முன்னோடி. கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுத வைத்தார்கள். சிலரை அற்பமான விஷயங்களைப் பற்றியும், மற்றவர்களை வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய சம்பவத்தைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். உலுக்கிய சம்பவத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனநிலை இன்னும் மோசமானது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போவது அவர்களில் ஒரு பிரிவினருக்குக் குறைந்தது.

அந்த 'ஒரு பிரிவினர்' யார் என்பதை நான் முதலில் படித்தபோது கவனிக்காமல் தாண்டிவிட்டேன். உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்கள் அல்ல. என்ன நடந்தது என்பதையும், அதைப் பற்றி என்ன உணர்ந்தேன் என்பதையும் சேர்த்து எழுதியவர்கள். பின்னால் பென்னிபேக்கர் இந்த மாதிரி எழுத்துகளில் உள்ள சொற்களை எண்ணிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நாளுக்கு நாள் 'அதனால்', 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போனதோ அவர்களுக்குத்தான் அதிகப் பலன். முதல் நாள் எழுதியதையே நாலாவது நாளும் எழுதியவர்களுக்கு அவ்வளவு இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. துணையை அண்மையில் பிரிந்தவர்களை எழுத வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. 'ஏன் இப்படி ஆனது' என்று ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றித் துருவும் பழக்கம் உள்ளவர்கள், உணர்ச்சிகளை எழுதியதால், எழுதாமல் சும்மா அன்றாட வேலைகளைக் குறித்து வைத்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். அதாவது நோட்டு எல்லோருக்கும் மருந்து இல்லை. சிலருக்கு அது செக்குமாட்டின் பாதை.

நான் அந்த மாணவியிடம் 'இறக்கி வை' என்று மட்டும் சொன்னேன். இறக்கி வைத்ததை மறுபடி எடுத்துப் பார் என்று சொல்லவில்லை.

ஒரு காலத்தில் மருத்துவர்கள் பெண்களிடம் சொன்னது நேர் எதிரானது. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் விழுந்து, 1887-ல் பிலடெல்பியாவில் வெயர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பு மருத்துவரிடம் போனார். படுக்கை, சாப்பாடு, ஓய்வு. வீட்டுக்கு அனுப்பும்போது கூடியவரை வீட்டையும் குழந்தையையும் மட்டும் பார்த்துக்கொண்டு வாழும்படியும், வாழ்நாளில் இனிப் பேனாவைத் தொடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். கில்மன் சில மாதங்கள் அதற்குக் கட்டுப்பட்டுப் பார்த்தார். பைத்தியத்தின் விளிம்புவரை போனதாகப் பின்னால் எழுதினார். அதற்குப் பிறகு அந்த வைத்தியத்தை உதறிவிட்டு எழுதிய கதைதான் 1892-ல் வந்த 'தி யெல்லோ வால்பேப்பர்'. அதில் வரும் பெண்ணின் கணவன் ஒரு மருத்துவன். அவன் காலடி கேட்டவுடன் அவள் தாள்களை ஒளித்து வைப்பாள்.

அன்று எழுதாதே என்றார்கள், இன்று எழுது என்கிறார்கள். இதை முன்னேற்றம் என்றே நானும் நினைத்திருந்தேன். இப்போது ஒரு சந்தேகம் வருகிறது. இரண்டு சீட்டிலும் மருந்து வேறு, எதிர்பார்க்கும் விளைவு ஒன்றாக இருந்துவிடலாம்: அவள் காலையில் எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும். எனக்கு எழுதச் சொன்ன மருத்துவர் நல்லவர். ஆனால் ராத்திரி குழந்தைக்கு யார் எழுந்துகொள்கிறார்கள் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரிடமும் கேட்கவில்லை. நோட்டு வாங்கச் சொல்வது சுலபம். விலை நாற்பது ரூபாய், வீட்டில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆட்ரி லார்ட் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பை எடுத்த பிறகு எழுதிய குறிப்புகளை 1980-ல் 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்று புத்தகமாக்கினார். அறுவைக்குப் பிறகு செயற்கை மார்பு வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, அது இல்லாமல் வருவது மற்ற நோயாளிகளின் மன தைரியத்துக்கு நல்லதில்லை என்கிற தொனியில் ஒரு செவிலியர் சொன்னதை அதில் பதிவு செய்கிறார். யாருடைய மன அமைதிக்காக நான் இதை மறைக்க வேண்டும் என்று லார்டுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் முதலில் ஒரு நாட்குறிப்பில்தான் விழுந்தது. ஆனால் அங்கேயே அடங்கிக் கிடக்கவில்லை. மற்ற பெண்கள் படிக்க அவரே அதை வெளியே கொண்டுவந்தார்.

நம் வீடுகளில் பெண்களுக்கு நோட்டு எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் வரலாற்றுக்காரியான எனக்கு ஆனந்தரங்கப் பிள்ளை ஞாபகம் வரும். புதுச்சேரியில் துய்ப்ளேவின் துபாஷியாக இருந்தவர், 1736-லிருந்து 1761 வரை எழுதினார். கப்பல், சரக்கு, கவர்னர், சண்டை. அதே ஊரில் அதே வருடங்களில் ஒரு பெண் என்ன நினைத்தாள் என்று சொல்ல அப்படி ஒரு நோட்டு என் கைக்குக் கிடைத்ததில்லை. வங்காளத்தில் ராசசுந்தரி தேவி பத்தொன்பதாம் நூற்றாண்டில், எழுத்துத் தெரிந்தால் பழி என்ற காலத்தில், ஒரு புத்தகத்தின் தாளை அடுக்களையில் ஒளித்து வைத்துக்கொண்டு தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு தன் வாழ்க்கையை எழுதினார்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஜனவரி மாதம் அப்பாவுக்கு யாராவது கொடுக்கும் எல்.ஐ.சி. டைரி, சிமென்ட் கம்பெனி டைரி எல்லாம் கடைசியில் அம்மாவிடம்தான் வரும். அதில் பால் கணக்கு, சலவைக் கணக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய், பதினைந்து புள்ளி எட்டு வரிசைக் கோலம், ஊறுகாய்க்கு எத்தனை படி உப்பு. தினசரி காலண்டரில் சில தேதிகளைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டிருப்பார். அது என்ன என்று எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது. தன்னைப் பற்றி அவர் எழுதி வைத்தது அந்த வட்டம் மட்டும்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது டைரி எழுத ஆரம்பித்தேன். அம்மா பார்த்துவிட்டு, "எழுதி வெச்சா ஒருநாள் யாராச்சும் படிப்பாங்க பாப்பா. வாயால சொன்னா காத்தோட போயிரும்" என்றார். அப்போது அது பயந்தாங்கொள்ளித்தனமாகத் தோன்றியது.

அம்மா வாயால் சொல்லும் இடம் ஒன்று இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் அம்மாவும் அத்தைகளும் போவார்கள். ஒப்பாரி வைக்கும் பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். சீர் செய்யாத அண்ணன், பிறந்த வீட்டு வாசலை மிதிக்க விடாத அண்ணி, மலடி என்று சொன்ன மாமியார், குடித்து அழித்த புருஷன் எல்லோரும் அந்தப் பாட்டில் வந்துபோவார்கள். சம்பந்தப்பட்டவர்களே நாலடி தள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு என்பதால் யாரும் தடுக்க முடியாது. சுற்றி மாரடிக்கும் பெண்களுக்கு யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். ஒப்பாரியை நான் புனிதப்படுத்தவில்லை. அழுது முடித்துவிட்டு அதே புருஷனோடு அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். அதுவும் ஒரு வடிகால்தான். ஆனால் அந்த வடிகாலுக்குச் சாட்சிகள் இருந்தார்கள். அவளுக்கு நடப்பது பத்துப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நோட்டில் எழுதுகிறவளுக்கு நடப்பது நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

படித்த பெண்களான நாம் ஒப்பாரி வைக்கக் கூச்சப்பட்டு நோட்டுக்கு வந்தோம். அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

அம்மா சொன்ன மாதிரியே ஒருநாள் என் நோட்டைப் படித்தார்கள். படித்தவர் என் கணவர். ஒளிந்து படிக்கவில்லை. அலமாரியில் வங்கிப் பாஸ்புக் தேடும்போது கையில் வந்திருக்கிறது, உட்கார்ந்து படித்திருக்கிறார். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது முகம் இருண்டிருந்தது. கத்தவில்லை. "இவ்வளவு இருக்கா உனக்கு? ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது போல எனக்கே பட்டது. நான்தான் குற்றவாளி மாதிரி நின்றேன். அனுமதியில்லாமல் படித்தது அவர், மன்னிப்புக் கேட்டது நான்.

கணவன் மனைவிக்குள் ரகசியம் இருக்கலாமா என்பதை நம் வீடுகளில் ஒரு ஒழுக்கக் கேள்வியாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தவறாகக் கேட்கப்பட்ட கேள்வி என்று தோன்றுகிறது. ஒரு மனுஷிக்கு முடிவு செய்யாத எண்ணங்கள் இருக்கும். இவரை எனக்குப் பிடிக்கவில்லை என்று செவ்வாய்க்கிழமை ராத்திரி தோன்றும், வெள்ளிக்கிழமை மாறும். சொல்லிவிட்டால் அது அறிக்கை. எழுதிவைத்தால் அது யோசனை. யோசிக்க ஒரு இடம் வேண்டும் என்பது ஏமாற்றுவது ஆகாது. ஆண்களுக்கு அந்த இடம் டீக்கடை, நடைப்பயிற்சி, வாசல் திண்ணை என்று ஊர் முழுக்க இருக்கிறது. அங்கே அவர்கள் எங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை.

எதையும் மறைக்கவே கூடாது என்று இருந்தவர்களின் கதையும் தெரிந்ததுதான். டால்ஸ்டாய் 1862-ல் கல்யாணத்துக்கு முன்னால் தன் நாட்குறிப்புகளைச் சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். அவருக்கு முப்பத்துநாலு, அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு. வேறு பெண்களோடு இருந்த உறவு, பண்ணையில் வேலை செய்த ஒரு பெண்ணோடு இருந்த உறவு எல்லாம் அதில் இருந்தன. நேர்மை என்ற பெயரில் அவர் தன் பாரத்தை இறக்கினார், அவள் சுமந்தாள். அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான தாம்பத்தியத்தில் ஒருவர் நோட்டை ஒருவர் படிப்பதும், படிப்பார் என்று தெரிந்தே எழுதுவதும் நடந்தது. கடைசியில், 1910-ல், எண்பது தாண்டிய டால்ஸ்டாய் தனக்கு மட்டுமென்று ஒரு சின்னக் குறிப்பேடு வைத்து அதைப் பூட்ஸுக்குள் ஒளித்தார். சோஃபியா அதையும் கண்டுபிடித்தார். யார் பக்கம் நியாயம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரும் படிக்காத ஒரு பக்கத்துக்காக அந்த மேதையே பூட்ஸைத் தேடினார் என்பது மட்டும் எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

என் கணவர் படித்த பிறகு மூன்று வருடம் எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதா, நடித்தேன் என்று சொல்வதா. என் தோளுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்றே எழுதினேன். 'இன்று அவருக்கும் களைப்பாக இருந்திருக்கும்' என்று நியாயம் பேசினேன். அந்த மூன்று நோட்டுகளையும் சமீபத்தில் புரட்டினேன். நல்ல மனைவி ஒருத்தி எழுதியவை. எனக்கு அவளைத் தெரியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் கேட்ட கேள்விக்குப் பிறகு ராத்திரியில் குழந்தைக்கு எழுந்தார். வாரத்துக்கு மூன்று நாள். நோட்டு எனக்குள் இறக்கி வைத்ததால் வராத மாற்றம், நோட்டு அத்துமீறிப் படிக்கப்பட்டதால் வந்தது. இதை எந்தக் கொள்கையில் சேர்ப்பது என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். நான் வாயால் கேட்டிருக்கலாம், கேட்காமல் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

திரும்ப அந்த மாணவியிடம் வருகிறேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, நாலு நோட்டையும் எடுத்துக்கொண்டு கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போவது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் அந்தக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்தால் கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மனசு லேசாகிக்கொண்டே ஒரு வருடம் போனதில் எவ்வளவு கை நழுவியிருக்கும் என்று கணக்குப் போட்டு எனக்கு வேர்த்தது. நல்லவேளை, கடைசிச் சம்பவம் நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"நோட்டைக் கொடுத்துடலாம். எல்லாம் உன் கையெழுத்துல இருக்கு" என்றேன்.

அவள் முடியாது என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். அந்த நோட்டில் அவர் மட்டும் இல்லை. அவள் காதலிக்கும் பையன் இருக்கிறான், அவன் வேறு சாதி, வீட்டுக்குத் தெரியாது. அம்மாவை வெறுத்து எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அதைவிட, அவரைப் பற்றியே அவள் எழுதிய வேறு சில வரிகள் இருக்கின்றன. ஒருநாள் அத்தியாயத்தைப் பாராட்டினார் என்று சந்தோஷப்பட்டு, 'சார் நல்லவர்தான், நான்தான் தப்பா எடுத்துக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாள். அவர் சொன்ன ஒரு கேலிக்குச் சிரித்ததை எழுதியிருக்கிறாள். "இத வெச்சு என்னையே கேப்பாங்க மேடம்."

கேட்பார்கள். முழு மனசையும் ஒளிக்காமல் எழுதியதே அவளுக்கு எதிரான சாட்சியாக மாறும். ஆண்டுக்கணக்கில் அவர் அறையில் என்ன நினைத்தார் என்பதற்கு எந்த நோட்டும் இல்லை, யாரும் அவரிடம் கேட்கப்போவதும் இல்லை. உண்மையாக எழுதியவளுக்கு ஆபத்து, எழுதாதவருக்குப் பாதுகாப்பு.

அதனால் வேறு வழியில் செய்தோம். மூன்று நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் தன் நோட்டைத் தானே மனசுக்குள் படிப்பாள். சம்பவம் வரும் இடத்தில் தேதி, நேரம், இடம், நடந்தது, அப்போது வெளியில் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் வாயால் சொல்வாள். நான் வெள்ளைத்தாளில் எழுதுவேன். சில பக்கங்களைச் சட்டென்று தள்ளிவிட்டுப் போவாள். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். நோட்டு அவள் கையை விட்டு வரவே இல்லை.

இரண்டாவது நாள் நடுவில் நிறுத்திவிட்டாள். "மேடம், 'நாளைக்கு சரியாயிடும்'னு எத்தன தடவ எழுதியிருக்கேன் தெரியுமா?" எண்ணிப் பார்த்தாள். பதினாலு. சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். நான் காபி போட எழுந்து போனேன்.

மூன்றாவது நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கையில் நெறியாளர் கையெழுத்து வேண்டும். அந்தத் தேதிகளுக்கு முந்தைய மூன்று வாரங்களில் சம்பவங்கள் நெருக்கமாக இருந்தன. கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டு மாதம் எதுவும் இல்லை. ஒரு வருடம் முழுக்க அவள், தான் போட்ட உடையா, தான் சிரித்ததா, எது காரணம் என்று எழுதி எழுதித் தேடியிருக்கிறாள். காரணம் காலண்டரில் இருந்தது. 'அவருக்கு மூடு சரியில்லை' என்று நோட்டில் வரும் நாட்கள் எல்லாம் அவர் கணக்குப் போட்டு வைத்த நாட்கள். ஒவ்வொரு ராத்திரியும் தனித்தனியாக எழுதியபோது இது அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. அன்றன்றைய பாரத்தை அன்றன்றே இறக்கிவிட்டதால் மொத்தமாக எவ்வளவு கனம் என்று நிறுத்துப் பார்க்கவே இல்லை.

அந்தத் தாள்களை வைத்துப் புகார் எழுதினாள். விசாரணை நடந்தது. அவளுக்கு நெறியாளரை மாற்றிக் கொடுத்தார்கள். தலைப்பை மாற்ற வேண்டியிருந்ததால் ஒரு வருடம் போய்விட்டது. அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். இன்னும் அங்கேதான் இருக்கிறார், மாணவிகளை நெறிப்படுத்த இரண்டு வருடம் தடை. இது வெற்றியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போதும் மாணவிகள் வருகிறார்கள். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, அழுகை வருகிறது என்கிறார்கள். இப்போதும் எழுது என்றுதான் சொல்கிறேன். எழுதாதே என்று சொல்ல நான் வெயர் மிட்செல் இல்லை. ஆனால் முன்பு போல அதோடு அனுப்பிவிடுவதில்லை. என்ன நடந்தது என்று முதலில் கேட்கிறேன். அது எனக்கே சங்கடமாக இருக்கும், கேட்டுவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். போன தடவை அதனால்தான் கேட்கவில்லையோ என்று சந்தேகம் உண்டு. நோட்டை அவள் கையில் கொடுத்து நான் கையைக் கழுவிக்கொண்டேன். என் வசதிக்கும் அது ஏற்றதாகத்தான் இருந்தது.

எழுதினால் தேதி போடு என்கிறேன். வரலாறு கற்பிக்கிறவளின் பிடிவாதம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நினைத்ததை எழுதும்போது நடந்ததையும் எழுது. மாதம் ஒருமுறை பின்னால் போய்ப் படி. ஒரே வரி மூன்று தடவை வந்தால் அதை நோட்டில் விடாதே, எடுத்துக்கொண்டு யாரிடமாவது போ. தோழியிடம், என்னிடம், வக்கீலிடம். நோட்டை அல்ல, அந்த வரியை. ஒருத்தி கேட்டாள், "அப்படிப் படிச்சா மறுபடி கஷ்டமா இருக்காதா மேடம்?" இருக்கும் என்றேன். அவளுக்கு என் பதில் பிடிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள். எல்லா நாளும் அப்படிப் படிக்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. சில நாள் மனசு லேசானால் போதும் என்றுதான் இருக்கும். என் குழந்தை பிறந்த அந்த ஆறு மாதம் எனக்கு அப்படித்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

நானும் இப்போது மறுபடி எழுதுகிறேன். அலமாரியில்தான் இருக்கிறது, பூட்டவில்லை. கணவரிடம் இது என்னுடையது, படிக்காதீர்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். சொல்வதற்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கிறது. சரி என்றார். படிக்கிறாரா என்று தெரியாது, நான் முடி எதுவும் வைத்துச் சோதிக்கவில்லை.

அந்த மாணவியின் நாலு நோட்டுகளும் என் வீட்டில் இருக்கின்றன. விடுதியில் வைக்க முடியாது, ஊருக்கும் எடுத்துப் போக முடியாது என்று ஒரு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். புடவைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்ததால் என்மேலேயே எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு மழைநாளில், வீட்டில் யாரும் இல்லாதபோது, பையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று தெரிந்துகொள்ள ஆசை. முடிச்சைத் தொட்டுவிட்டு உள்ளே வைத்துவிட்டேன்.

போன மாதம் ஃபோன் செய்தாள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாளாம், வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, "அந்தப் பை இருக்கா மேடம்?" என்றாள்.

இருக்கிறது என்றேன். அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். இருக்கட்டும்" என்றாள். பிறகு வேலைக்கு எங்கெங்கே விண்ணப்பித்திருக்கிறாள் என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள்.